வல்லாரையும் காற்றாடியும்

அன்புள்ள அக்காவுக்கு,

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ஓர் இடத்தில் உட்கார மாட்டான். நாலு வரி வீட்டுப்பாடம் எழுத இரண்டு மணி நேரம். இந்த வருஷம் மூன்று பென்சில் டப்பா தொலைத்துவிட்டான். டீச்சர் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கிறார். சில நேரம் கூப்பிட்டால்கூடக் காதில் விழாத மாதிரி நிற்பான், கண் ஒரே இடத்தில் இருக்கும், அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல விளையாடப் போய்விடுவான்.

குழந்தைகள் டாக்டர், கவனக்குறைவுப் பிரச்சினை இருக்கலாம், மனநலப் பிரிவில் காட்டுங்கள் என்றார். என் கணவர், "பிள்ளைக்குப் பைத்தியப் பட்டம் கட்டணுமா, இங்கிலீஷ் மாத்திரைக்கு அடிமையாக்கணுமா" என்று கோபப்படுகிறார். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, நாட்டு மருந்துக் கடையில் ஞாபகசக்தி சிரப் வாங்கி இருபது நாளாகக் கொடுக்கிறேன். நீர்பிரம்மி, வல்லாரை, சங்குபுஷ்பி, அமுக்கரா, வசம்பு என்று போட்டிருக்கிறது. மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது, மூன்று மாதம் கொடுத்தால் வித்தியாசம் தெரியும் என்கிறார்கள். வள்ளலாரே மூலிகையைத்தான் தினமும் சாப்பிடச் சொன்னார் என்கிறார் மாமியார். நீங்கள் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். தொடரலாமா? லேபிளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

ஓர் அம்மா, கடலூர்

அன்புள்ள தங்கைக்கு,

சிரப்பை நிறுத்துங்கள். இருபது நாள் கொடுத்துவிட்டோமே என்று பதறவேண்டாம்.

வல்லாரையை நிறுத்தச் சொல்லவில்லை. நான் கடலூர் முதுநகரில் வேலை பார்த்த வருஷங்களில் வாரத்தில் இரண்டு நாளாவது எங்கள் வீட்டில் வல்லாரைத் துவையல்தான். இங்கே புதுச்சேரிக்கு வந்த பிறகும் பெரிய மார்க்கெட்டுக்குப் போனால் இரண்டு கட்டு வாங்காமல் திரும்புவதில்லை. உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் புளி, தேங்காய் வைத்து அரைத்து, சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து தந்தால் எந்தப் பிள்ளையும் சாப்பிடும். உங்கள் மாமியார் சொல்வது சரிதான். வள்ளலார் கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் தினப்படிப் பழக்கமாகச் சொன்னார். ஒரு கைப்பிடி கீரைக்கும், அஞ்சு மூலிகையைக் காய்ச்சிச் சுண்டவைத்துப் பாட்டிலில் அடைத்த சத்துக்கும் தூரம் அதிகம். ஒன்று மட்டும். வாய்க்கால் ஓரத்தில், கழிவுநீர் ஓடும் இடத்தில் முளைத்ததைப் பறிக்காதீர்கள். மண்ணில் இருக்கிற ஈயத்தையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் செடி அது.

நீங்கள் அனுப்பிய லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலிகைகளின் பெயர் இருக்கிறது, எது எவ்வளவு என்ற அளவு ஒன்றுக்குக்கூட இல்லை. சித்த, ஆயுர்வேத மருந்தென்றால் மருந்துச் சட்டப்படி சரக்கின் பெயரோடு அளவும், தயாரிப்பு உரிம எண்ணும், பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும். உணவுச் சேர்மானம் என்றால் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். உங்கள் பாட்டிலில் இரண்டையும் காணோம். கீழே பொடி எழுத்தில் சோடியம் பென்சோயேட் என்று இருக்கிறது. கெடாமல் இருக்கப் போடுவது. இங்கிலாந்தில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் சில செயற்கை நிறங்களோடு இதையும் கலந்த பானத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். துறுதுறுப்பு கொஞ்சம் கூடியது. பெரிய அளவில் இல்லை. ஆனாலும் துறுதுறுப்பு அடங்குவதற்காக வாங்கிய பாட்டிலில் அது எதற்கு?

பிரம்மி என்ற பேரிலேயே ஒரு குழப்பம் உண்டு. வயல் ஈரத்தில் படரும், சின்னச் சின்னத் தடித்த இலை உள்ள நீர்பிரம்மி ஒரு செடி. வட்ட இலை வல்லாரை வேறு செடி. கடையில் பிரம்மி என்று கேட்டால் எதையும் தருவார்கள். சங்குபுஷ்பியும் அப்படித்தான். வடக்கே அந்தப் பேரில் விற்பது ஒரு தரைக்கொடி, நம் பக்கத்தில் வேலியில் நீலமாகப் பூக்கும் காக்கட்டானை அந்தப் பேரில் சொல்கிறார்கள். பாட்டிலுக்குள் போனது எது என்று விற்பவருக்கே தெரிந்திருக்காது.

வசம்பு நம் வீட்டுப் பொருள். பிள்ளை வளர்ப்பான், பேர் சொல்லாதது என்று நம் பாட்டிமார் மரியாதையோடு ஒளித்து வைத்த மருந்து. சுட்டு உரசி நாக்கில் தொட்டு வைப்பார்கள், கடுகளவு. அந்தக் கடுகளவை மூன்று மாதம் தினம் இரண்டு வேளை ஸ்பூனில் ஊற்றுவதாக மாற்றினால் கணக்கே வேறு. வசம்பு எண்ணெயில் பீட்டா அசரோன் என்று ஒன்று இருக்கிறது, நம் நாட்டு வசம்பில் அது அதிகம். எலிகளுக்குக் கட்டி உண்டாக்கியதைப் பார்த்து அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள்.

2004-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் நம்மவர்கள் நடத்தும் மளிகைக் கடைகளில் ஆயுர்வேதத் தயாரிப்புகள் 70 வாங்கிச் சோதித்தார்கள். 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. ஈயம் உடம்பில் ஏறிய பிள்ளைக்கு முதலில் போவது கவனம். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது. உங்கள் பாட்டிலில் ஈயம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல அந்த லேபிளில் ஒன்றுமில்லை.

சரி, கேட்குமா என்ற கேள்வி. நீர்பிரம்மியைப் பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில், பன்னிரண்டு வாரம் போல ஆனபின் படித்ததை நினைவுகூர்வது கொஞ்சம் மேம்பட்டதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. பிள்ளைகள் விஷயம் வேறு. ஆஸ்திரேலியாவில் கவனக்குறைவும் துறுதுறுப்பும் உள்ள 6 முதல் 14 வயதுப் பையன்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நீர்பிரம்மியும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் 14 வாரம் கொடுத்தார்கள். நடத்தையில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்காவில் செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை 54 பிள்ளைகளுக்கு எட்டு வாரம் இப்படியே சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். மூலிகை சாப்பிட்டவர்களிலும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேர் தேறியதாகத் தெரிந்தது! உங்களுக்குச் சிரப்பைச் சொன்னவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். மருந்து கொடுக்கிறோம் என்றதும் நாம் பிள்ளையைக் கூர்ந்து பார்க்கிறோம், திட்டுவது குறைகிறது, பரீட்சையும் முடிந்திருக்கும், பிள்ளைக்கு மூன்று மாத வயதும் கூடியிருக்கும்.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி நிற்பான், கண் ஒரே இடத்தில் இருக்கும் என்றீர்களே, அது.

1997-இல் என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். துறைமுகத்துப் பக்கம் வீடு, அம்மா மீன் கூடை சுமப்பவர். கெட்டிக்காரன். ஆனால் சொல்வதெழுதுதல் வைத்தால் நோட்டில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். "பசு நமக்குப் பால் தருகிறது" என்று சொன்னால் "பசு நமக்கு" என்று எழுதி, அங்கிருந்து பென்சில் ஒரு கோடாக இழுத்துக்கொண்டு போயிருக்கும், அடுத்த வரி பாதியிலிருந்து தொடங்கும். முழித்துக்கொண்டே தூங்குகிறான் என்று வகுப்பே சொல்லும். நானும் நம்பினேன். முட்டிபோட வைத்திருக்கிறேன். அவன் அம்மாவிடம், "தினமும் வல்லாரை குடுங்கம்மா, கவனம் வரும்" என்று சொன்னதும் நான்தான். அந்தம்மா கீரையோடு நிறுத்தவில்லை. கடனுக்கு லேகியம் வாங்கி ஒரு வருஷம் கொடுத்தார். டீச்சர் சொன்னாங்களே.

மறு வருஷம் அவனுக்குக் காய்ச்சலென்று புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, எழுதிக் கொடுப்பதைப் படிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காய்ச்சலைப் பார்த்த டாக்டரம்மா அவனிடம் பேச்சுக் கொடுத்தார். பாதியில் அவன் நின்றுவிட்டான். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதக் காற்றாடியை எடுத்து, "ஊதுடா கண்ணு, நிக்காம சுத்தணும்" என்றார். சிவப்பும் மஞ்சளுமான காற்றாடி. ஊதினான், சர்ரென்று சுற்றியது. இரண்டு நிமிஷம் இருக்கும். காற்றாடி மெதுவானது, நின்றது. கையில் பிடித்தபடியே இருக்கிறான். வாய் குவிந்தபடியே இருக்கிறது. இமை மட்டும் படபடவென்று துடிக்கிறது. டாக்டரம்மா விரலால் மேஜையைத் தட்டி எண்ணினார், பத்து வந்தது. பதினொன்றில் அவன் மறுபடி ஊதத் தொடங்கினான். இடையில் நின்றதே அவனுக்குத் தெரியாது.

அது வலிப்பில் ஒரு வகை. கை கால் வெட்டாது, விழமாட்டார்கள், சில விநாடி ஆள் இல்லாமல் போவதோடு சரி. நாலு வயதிலிருந்து பத்து வயதுக்குள் தொடங்கும், ஒரு நாளில் பலமுறை வரும். வேகமாக மூச்சு விட்டால் வரும், அதற்குத்தான் காற்றாடி. மூளையின் மின் அலைகளைப் பதிவு எடுத்தால் தெளிவாகத் தெரியும். மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் அவன் நோட்டில் ஓட்டைகள் அடைபட்டன. இழந்த ஒரு வருஷத்தை அவனுக்கு நான் திருப்பித் தர முடியவில்லை. அந்த லேகியத்தில் விஷம் எதுவும் இருந்திருக்காது. ஆனால் நாங்கள் வேறெதையும் தேடாமல் இருந்ததற்கு அந்த லேகியம்தான் காரணம்.

உங்கள் மகனுக்கும் இதுதான் என்று நான் சொல்லக்கூடாது, சொல்லவும் இல்லை. வெறும் பகல் கனவாக இருக்கலாம், தொட்டால் திரும்பிவிடுவான். காதில் நீர் கோத்திருக்கலாம். குறட்டை விட்டு வாயால் மூச்சு விடுகிற பிள்ளை இரவு சரியாகத் தூங்காது, பகலில் தூங்கி வழிவதற்குப் பதில் துறுதுறுவென்று இருக்கும். பார்வைக் குறையாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவும் கவனத்தைக் கெடுக்கும், நம் நாட்டில் அது எவ்வளவு பரவலென்று உங்களுக்குத் தெரியும். இந்த வயதில் ஹீமோகுளோபின் 11.5-க்குக் கீழே போனால் ரத்தசோகை. அரசுப் பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கிற இளஞ்சிவப்பு மாத்திரை அதற்குத்தான். அல்லது டாக்டர் சந்தேகப்பட்ட அதே கவனக்குறைவாகவே இருக்கலாம். இதில் எதையும் ஞாபகசக்தி சிரப் சொல்லித் தராது.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். தம்பி, கவனக்குறைவுப் பிரச்சினை பைத்தியம் கிடையாது. நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளுக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர், என் அனுபவத்திலும் அப்படித்தான். ஒரே நாளில் பார்த்து முத்திரை குத்தவும் மாட்டார்கள். ஆறு மாதத்துக்கு மேல், வீட்டிலும் பள்ளியிலும் என இரண்டு இடத்திலாவது, பன்னிரண்டு வயதுக்கு முன்பிருந்தே இருக்கிறதா என்று கேட்பார்கள். டீச்சருக்குக் கேள்வித்தாள் தருவார்கள். எல்லாருக்கும் மாத்திரை எழுதுவதும் கிடையாது. எழுதினால் மெத்தில்பெனிடேட் போன்றவை. சீட்டில்லாமல் கடையில் தரக்கூடாத மருந்து. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், அதனால் எடையும் உயரமும் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். அந்தப் பக்கவிளைவு இன்னதென்று நமக்குத் தெரிவது எழுபது வருஷமாகப் பார்த்து எழுதி வைத்திருப்பதால். மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லை என்பது, அப்படி யாரும் உட்கார்ந்து எழுதி வைக்காததால் வரும் பேச்சு.

மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் தொடங்குங்கள். தேவையென்றால் கோரிமேடு ஜிப்மர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் நேரில் பிள்ளையைக் காட்டிக் கேளுங்கள், அவர் நாடி பார்த்து எழுதுவது வேறு, கடைக்காரர் அலமாரியிலிருந்து எடுத்துத் தருவது வேறு. எதைக் கொடுத்தாலும் இரு பக்கத்து மருத்துவருக்கும் சொல்லிவிடுங்கள். சங்குபுஷ்பித் தயாரிப்பு ஒன்று, வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின் மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்து, அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வந்ததை மும்பையில் கண்டு 1992-இல் எழுதியிருக்கிறார்கள்.

போகும் முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள். அவன் அப்படி நிற்பது எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி, தோளைத் தொட்டால் திரும்புகிறானா, இமை துடிக்கிறதா. பக்கத்தில் யாராவது இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். சொல்வதெழுதுதல் நோட்டைப் புரட்டி நடுவில் சொல் விட்டிருக்கிறதா பாருங்கள், நோட்டையும் சிரப் பாட்டிலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காற்றாடி வாங்கி வீட்டில் ஊதவைத்துப் பார்க்கவேண்டாம், அதை மருத்துவர் தன் முன்னால் செய்யட்டும். அதுவரை தேவனாம்பட்டினம் கடலில் குளிக்க விடாதீர்கள், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறவும் விடாதீர்கள்.

பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா