சுகர் ஸ்ட்ரிப்பும் சக்கைப்பழமும்

கேள்வி: வீட்டிலேயே மெஷின் வைத்து மாமியாருக்கு சுகர் பார்க்கிறோம். அதில் செருகி ரத்தம் தொடும் ஸ்ட்ரிப்பைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி அச்சடிக்கிறார்கள் என்கிறான் மகன், நிஜமா? அடுத்தடுத்துப் பார்த்தாலே 168, 181 என்று மாறுகிறது. எதை நம்ப? (வாசகி, தக்கலை)

பதில்: மகன் சொல்வது சரிதான். ஸ்ட்ரிப்பின் மெஷினுக்குள் செருகும் முனையைத் திருப்பிப் பாருங்கள். பல கம்பெனி ஸ்ட்ரிப்பில் அங்கே தெரியும் கறுப்புக் கோடுகள், பிளாஸ்டிக் தாளில் கார்பன் மையை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் தேய்த்து அச்சடித்தவை. மறுமுனையில் காய்ந்த நொதி (என்சைம், வேதிவினையை வேகப்படுத்தும் புரதம்) கொஞ்சம் இருக்கும். ரத்தம் பட்டதும் அது குளுக்கோஸோடு வினை புரிய, அதில் வெளிவரும் எலக்ட்ரான்கள் கோடு வழியாக மெஷினுக்குப் போகும், அந்தத் துளி மின்னோட்டத்தைக் கணக்குப் போட்டுத்தான் எண்ணைக் காட்டுகிறது. நொதியையும் மின்முனையையும் சேர்க்கும் இந்த யோசனையை அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் சொன்னது 1962-இல். பேனா வடிவ மெஷினாகக் கடைக்கு வந்தது 1987-இல்.

168, 181 எல்லாம் ஒரே கணக்குதான். சர்வதேசத் தர விதியே, 100-க்கு மேல் போனால் 15 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று விட்டுக்கொடுக்கிறது. நான் கவலைப்படுவது டப்பா மூடியைப் பற்றி. நம்மூரில் ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஈரம் ஏறினால் நொதி கெட்டுப்போகும், டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் மருந்து வைத்திருப்பதே அதற்குத்தான். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு மூடுங்கள், அடுப்படி அலமாரியில் வைக்காதீர்கள். அப்புறம், சக்கைப்பழம் தின்ற விரலைத் துடைத்துவிட்டுக் குத்தினால் விரலில் ஒட்டிய இனிப்பும் சேர்ந்து எண்ணை ஏற்றிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு குத்துங்கள். அதன்பிறகும் எண் உடம்போடு ஒத்துப்போகவில்லை என்றால் லேபில் ஒருமுறை பார்த்துவிட வேண்டியதுதான்.

கேள்வி: மீன் கெட்டதா என்று சொல்லும் ஸ்டிக்கர் வருகிறதாமே? (வாசகர், குளச்சல்)

பதில்: ஆராய்ச்சியில் நிறையவே செய்து பார்த்திருக்கிறார்கள். கெடும் மீனிலிருந்து டிரைமெத்திலமீன், அம்மோனியா போன்ற ஆவிகள் வரும். அச்சடித்த பாலியனிலின் (மின்சாரம் கடத்தும் ஒருவகைப் பிளாஸ்டிக்) படலத்தில் அவை பட்டால் அதன் மின்தடை மாறும், நிறமும் மாறும், அதைப் போனிலேயே படிக்கலாம். ஆனால் எந்த அம்மோனியா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ரப்பர் பால் கெடாமல் இருக்க நாம் ஊற்றுகிற அம்மோனியா பக்கத்தில் இருந்தால், துள்ளுகிற சாளையைக்கூடக் கெட்டது என்றுவிடும். பார்மலின் போட்ட மீனோ இதற்கு நேர் எதிர்: கெடுவது தள்ளிப்போவதால் ஸ்டிக்கர் ‘நல்ல மீன்’ என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது. இப்போதைக்குச் செவுளைத் தூக்கிப் பார்த்தே வாங்குங்கள்.