புதுமைப்பித்தன்: கேட்டவையும் சொன்னவையும்

நம் வாசகர் வட்டத்தினர் புதுமைப்பித்தனைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற வரை விடை எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். எந்தக் கதையைப் பற்றிக் கேட்பதானாலும், அது முதலில் எந்த இதழில், எந்த ஆண்டில் வந்தது என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

கேள்வி (கல்லூரி மாணவி, கடலூர்): அவர் எங்கள் ஊர்க்காரர் என்கிறார்கள். ஆனால் எல்லோரும் திருநெல்வேலி எழுத்தாளர் என்றே எழுதுகிறார்களே?

இரண்டும் சரி. சொ. விருத்தாசலம் என்ற இயற்பெயர் கொண்ட புதுமைப்பித்தன் 1906 ஏப்ரல் 25 அன்று கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தார் என்பதால் செஞ்சி, கள்ளக்குறிச்சி, திண்டிவனம் என்று குடும்பம் ஊர் மாறிக்கொண்டே இருந்தது. சிறு வயதிலேயே தாயை இழந்த அவர், 1918இல் தந்தை ஓய்வு பெற்றபின்தான் சொந்த ஊரான திருநெல்வேலிக்கு வந்து, அங்கே இந்துக் கல்லூரியில் படித்து 1931இல் பட்டம் பெற்றார். அவர் பாத்திரங்கள் பேசுகிற தமிழ் தாமிரபரணிக் கரையுடையது. ஆயினும் பன்னிரண்டு வயதில் வந்து சேர்ந்த பிள்ளை கேட்டுக் கற்ற தமிழ் அது என்பதை மறக்கக் கூடாது. பிறந்தது முதல் அதே பேச்சில் ஊறியவனுக்குக் காதில் விழாத நெளிவுகள் அவருக்கு விழுந்தன என்றே நான் எண்ணுகிறேன்.

கேள்வி (வங்கி அலுவலர், கோயம்புத்தூர்): அவர் வாழ்க்கையில் மிக முக்கியமான ஆண்டு எது? மணிக்கொடி இதழில் நுழைந்த 1934தானே?

நல்ல கேள்வி, ஆனால் என் விடை வேறு. 1934இல் ‘ஆற்றங்கரைப் பிள்ளையார்’ மணிக்கொடியில் வந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவர் எழுதிக் குவித்தவற்றில் வேகம் உண்டு, சீற்றம் உண்டு, எடுத்தெறிந்து பேசும் இளமையும் உண்டு. ‘பொன்னகரம்’ அந்தக் காலத்துக் கதை. 1943ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘காஞ்சனை’, ‘செல்லம்மாள்’, ‘சாப விமோசனம்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ ஆகிய நான்கும் அந்த ஓர் ஆண்டில் கலைமகள் இதழில் வெளிவந்தவை. தினமணியில் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் விலகியபோது உடன் விலகி, மாதச் சம்பளம் கையைவிட்டுப் போன ஆண்டும் அதுதான்.

இந்த நான்கும் ஒருவரே எழுதியவை என்று தெரியாமல் படித்தால் நான்கு பேர் என்று சொல்லத் தோன்றும். ஒன்று பேய்க்கதை போல நடந்து, அது பேய்தானா என்று சொல்லாமலே முடிகிறது. ஒன்று சென்னையில் ஜவுளிக்கடை ஊழியர் ஒருவர், மூச்சு ஒடுங்கிய மனைவியின் அருகே இருந்து கழிக்கும் நேரம். ஒன்று, இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாவது. மற்றொன்றில் கடவுள் பிராட்வேப் பக்கம் வந்து கந்தசாமிப் பிள்ளையிடம் மாட்டிக்கொண்டு, சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டுகிறார். 1934இல் அவரே ‘அகல்யை’ என்றொரு கதை எழுதியிருக்கிறார். அதையும் ‘சாப விமோசன’த்தையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒன்பது ஆண்டுகளில் ஒரு கை எவ்வளவு தேர்ந்திருக்கிறது என்று விளங்கும். ஆண்டைப் பாருங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): வறுமையால்தானே இறந்தார்?

காசநோயால் இறந்தார், 1948இல், திருவனந்தபுரத்தில். எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதப் புனே சென்றவர், நோயுடன் மனைவி கமலாவின் ஊருக்குத் திரும்பினார். பணமுடை இருந்தது உண்மை. அதையே வாழ்க்கை வரலாறாக்குவது பிழை.

கேள்வி (தமிழாசிரியர், தஞ்சாவூர்): ‘பித்தன்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

சைவக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தச் சொல் எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று சிவனைப் ‘பித்தா’ என்று பாடிய சுந்தரரைப் பாடம் சொல்லும் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இயற்பெயரும் சிவன் உறையும் தலத்தின் பெயர்தான். கவிதைகளுக்கு ‘வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை’, விமர்சனத்துக்கு ‘ரசமட்டம்’ என்று அவர் வைத்துக்கொண்ட பெயர்கள் இன்னும் பல.

கேள்வி (மென்பொருள் பணியாளர், பெங்களூரு): பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் கதைகளை எடுத்துத் தம் கதைபோல எழுதினார் என்கிறார்களே, இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

பேசாமலா இருந்தார்கள்? அவருடைய நண்பரும் 1951இல் அவர் வரலாற்றை எழுதியவருமான தொ.மு.சி. ரகுநாதனே பேசியிருக்கிறார். ‘தமிழ் படித்த பெண்டாட்டி’ உள்ளிட்ட சில கதைகள் மாப்பசான் தழுவல்களே. இவற்றுள் பல, அவர் காலத்துக்குப் பின் வந்த தொகுப்புகளில்தான் நூலேறின.

அதே கேட்பவர்: அப்படியானால் தழுவல் இலக்கியத் திருட்டு என்று மற்றவர்களைச் சாடியது எந்த நியாயம்?

நியாயமில்லை. 1937இல் மணிக்கொடியின் ‘யாத்ரா மார்க்கம்’ பகுதியில் மொழிபெயர்ப்பா தழுவலா என்ற விவாதம் நடந்தபோது அவர் மொழிபெயர்ப்பின் பக்கம் நின்று தழுவலைக் கடுமையாகத் தாக்கினார். கல்கியையும் அவர் விட்டுவைக்கவில்லை. தாம் முன்பு செய்ததை ஒப்புக்கொண்டு அதைச் சொல்லியிருந்தால் இன்று தங்கள் கேள்விக்கு இடமிருந்திராது. இதில் அவருக்காக வழக்காட நான் வரவில்லை. ஆனால் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்று மொழிபெயர்த்ததும் ‘உலகத்துச் சிறுகதைக’ளும் திருட்டல்ல. அவை மொழிபெயர்ப்பு என்று சொல்லியே தரப்பட்டவை.

வேறொருவர் (மதுரை): ‘காஞ்சனை’யும் ‘செல்லம்மா’ளும்கூட வெளிநாட்டுச் சரக்காகத்தான் இருக்க வேண்டும்.

‘இருக்க வேண்டும்’ என்பது சான்று ஆகாது. மூலக்கதையின் பெயரைச் சொல்லுங்கள், எழுதியவரைச் சொல்லுங்கள். உட்கார்ந்து வரிவரியாக ஒப்பிடுவோம். பிள்ளைமார் வீடொன்றில் நடந்து, ஊருக்குப் போக வேண்டும் என்ற ஒரு பெண்ணின் ஏக்கத்தைச் சுமந்துகொண்டிருக்கும் கதையைப் பாரிஸ் நகரத்தில் தேடுகிறவர்களுக்கு என் வாழ்த்துகள்.

பெங்களூரு அன்பர் மறுபடியும்: சிலவற்றில் குற்றம் உண்டென்றால் மொத்தத்தையும் சந்தேகிப்பதில் என்ன தவறு?

சந்தேகிக்கலாம், சந்தேகித்தபின் தேட வேண்டும். கதை கதையாகத் தேடுவதுதான் வேலை. இதே பொருளில் மேலும் ஒன்பது கேள்விகள் வந்துள்ளன. அனைத்துக்கும் மேலே சொன்னதே விடை.

கேள்வி (ஆய்வு மாணவர், சென்னை): ‘துன்பக் கேணி’ தாழ்த்தப்பட்ட மக்களை இழிவுபடுத்துகிறதா?

2014இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து அதுவும் ‘பொன்னகர’மும் நீக்கப்பட்டபோது எழுந்த கேள்வி இது. 1935இல் மணிக்கொடியில் வந்த அந்த நெடுங்கதை, வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் அழிவைச் சொல்கிறது. தோட்டங்களுக்கு ஆள்பிடித்து வேலை வாங்கிய கங்காணி முறையின் கொடுமையைத் தமிழில் இத்தனை கூர்மையாக அதற்கு முன் சொன்ன கதை என் வாசிப்பில் இல்லை. அதே சமயம், கதைசொல்லி சேரியை வருணிக்கும் சில வரிகளில் மேல்சாதிக்காரரின் முகச்சுளிப்பு இருக்கிறது. பாத்திரத்தின் பேச்சை ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள் என்று நான் எப்போதும் எச்சரிப்பவன்தான். ஆனால் இங்கே பேசுவது பாத்திரமல்ல, கதைசொல்லி. மருதியின் பக்கம் நிற்கிறவர், அவள் தெருவைச் சற்று எட்ட நின்றே பார்க்கிறார். வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் நீக்க வேண்டிய தேவை வந்திராது.

கேள்வி (திருச்சி): அவர் கதைகள் சமுதாயத்துக்கு என்ன நீதி சொல்கின்றன?

‘காஞ்சனை’ தொகுதிக்கு அவர் எழுதிய ‘எச்சரிக்கை!’ என்ற முன்னுரையைப் படியுங்கள். உலகை உய்விக்கும் நோக்கம் தமக்கு இல்லை என்று அவரே கைவிரித்துவிட்டார்.

கேள்வி (ஈரோடு): கடைசி நாள்களில் உணவுக்கே வழியில்லாமல்...

மேலே சொல்லியாயிற்று.

கேள்வி (சேலம்): அவர் சொன்னதாகப் படத்துடன் பரவும் ஒரு வாசகத்தை அனுப்பியிருக்கிறேன், அது எந்தக் கதையில் வருகிறது?

எதிலும் இல்லை. இதழின் பெயரும் ஆண்டும் இல்லாமல் அவர் படத்துக்குக் கீழே வரும் எதையும் நம்பாதீர்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): ஜெயகாந்தன் இவரைவிடப் பெரியவரா?

அந்தத் தராசு என்னிடம் இல்லை. ஜெயகாந்தனை ஊன்றிப் படித்தவர்கள் நம் வட்டத்தில் உண்டு, அவர்களைக் கேளுங்கள்.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், விருதுநகர்): நான் எதையும் படித்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

இன்று வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி உங்களுடையது. எல்லோரும் சொல்லும் கந்தசாமிப் பிள்ளையை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். 1937இல் எழுதிய ‘மனித யந்திர’த்தை எடுங்கள். பல ஆண்டுகளாக ஒரே கடையில் கணக்கெழுதும் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ஓர் இரவு கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிடத் துணிந்து ரயிலடி வரை போகிறார். பிறகு திரும்பி வந்து பணத்தை வைத்துவிட்டு, இடையில் செலவான சில்லறையைத் தம் பெயரில் பற்று எழுதுகிறார். அந்தப் பற்று வரி வரும்போது உங்களுக்குச் சிரிப்பு வந்ததா, வேறு ஏதேனும் வந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.