விஐபி சேர்த்தும் டிஎன்எஃப் குறையவில்லையா?

காட்பாடி தம்பிக்கு: மேக்ரோஃபேஜுக்கு (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்) எல்பிஎஸ் (அழற்சியைத் தூண்டும் பாக்டீரியப் பொருள்) கொடுத்து, மறுநாள் விஐபி நியூரோபெப்டைடு (நரம்புகள் சுரக்கும் சிறு புரதத் துண்டு) சேர்த்தும் டிஎன்எஃப்-ஆல்ஃபா (அழற்சியைக் கூட்டும் புரதம்) குறையவில்லை என்கிறீர்கள். அந்த 'மறுநாள்'தான் சிக்கல். டிஎன்எஃப் முதல் சில மணி நேரத்திலேயே சுரந்து, செல் வளர்க்கும் திரவ ஊடகத்தில் கலந்துவிடும். அப்புறம் வந்து விஐபி எதைத் தடுக்கும்? இரண்டையும் ஒன்றாகக் கொடுத்துப் பாருங்கள். விஐபி, செல்லின் மேலுள்ள விபேக்1 ஏற்பியில் ஒட்டி, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சைகை மூலக்கூறை உயர்த்தி, அழற்சி மரபணுக்களை முடுக்கும் என்எஃப்-கப்பா-பி புரதத்தை மட்டுப்படுத்தும். டிஎன்எஃப்பும், அழற்சியைக் கூட்டும் இன்னொரு புரதமான ஐஎல்-12-ம் இறங்கும். அழற்சியை அடக்கும் ஐஎல்-10 ஏறும், அதையும் அளந்துவிடுங்கள்.

இன்னொன்று, விஐபி வெறும் 28 அமினோ அமிலம். சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த திரவம்) உள்ள என்சைம்களே சீக்கிரம் வெட்டிவிடும். வேலூர் வெயிலில், கரன்ட் போன மதியம் மேசையில் கிடந்த குப்பி என்றால் சொல்லவே வேண்டாம்! சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள். திரும்பத் திரும்ப உருக்காதீர்கள்.