ராணுவ லாரியை வீடாக்கும் முன்: மார்த்தாண்டத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: மார்த்தாண்டத்திலிருந்து ஸ்டுட்கார்ட் வந்து எட்டு மாதம் ஆகிறது, கூடவே மனைவியும் நான்கு வயது மகளும். ஜெர்மன் ராணுவம் கழித்துவிட்ட லாரி ஒன்றை வாங்கி வீடாக்கி, வாடகையை மிச்சம் பிடித்து, ஒருநாள் அதிலேயே ஊருக்கு ஓட்டிப்போக வேண்டும். எந்த லாரி வாங்கலாம்?

ஊர்ப் பயணத்தை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். தரைவழி என்றால் வழக்கமான பாதை பாகிஸ்தான் வழியேதான். இந்தியக் கடவுச்சீட்டோடு சொந்த வண்டியில் அது நடக்கிற காரியம் இல்லை. அட்டாரி எல்லைச்சாவடியையும் 2025 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். கப்பலில் அனுப்பலாம் என்றால், உயரமான வகைக் கன்டெய்னரின் வாசலே 2.6 மீட்டருக்குள்தான், உங்கள் லாரியோ பின்னே ஏற்றும் வீட்டுப் பெட்டியோடு மூன்று மீட்டரைத் தாண்டும். எப்படியோ கொண்டு சேர்த்தாலும் ஊரில் நிரந்தரமாகப் பதிய முடியாது. மூன்று ஆண்டுக்கு மேல் பழைய வண்டிக்கும் இடப்பக்க ஸ்டியரிங்குக்கும் இறக்குமதி அனுமதி இல்லை. போதாக்குறைக்கு அந்த ஆலிவ் பச்சை நிறம் இந்தியாவில் ராணுவ வண்டிக்கு மட்டுமே உரியது. களியக்காவிளை ரோட்டில் அதை எப்படித் திருப்புவது என்ற கவலை உங்களுக்கு வேண்டாம்.

இதனால் ஒரு நன்மை உண்டு. பாலைவனம் தாண்டும் பத்து டன் லாரி இனி தேவையில்லை. மெர்சிடிஸ் 1017-க்குப் பெயரிலேயே கணக்கு இருக்கிறது: பத்து டன் வகுப்பு, 170 குதிரைத்திறன். அதற்கு சி வகுப்பு உரிமம் வேண்டும். 7.5 டன்னுக்குள் நிற்கும் யூனிமாக் 1300எல் போன்ற வண்டிக்கு சி1 போதும். இன்னொரு லாபம், 7.5 டன்னைத் தாண்டிய வண்டியைக் குடியிருப்புத் தெருவில் இரவு பத்து முதல் காலை ஆறு வரையும் ஞாயிறன்றும் வழக்கமாக நிறுத்தக் கூடாது. யூனிமாக்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

உரிமம் என்றதும் ஒன்று. இந்திய உரிமம் இங்கே குடியேறிய ஆறு மாதம் வரைதான் செல்லும். எட்டு மாதம் என்கிறீர்கள், கார்கூட ஓட்டாதீர்கள். எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டிலும் தேறி முதலில் காருக்கான பி வகுப்பு, அதன்மேல் மருத்துவச் சோதனையும் கண் சோதனையும் முடித்து சி1-க்கான தேர்வுகள்.

வாடகை மிச்சம் என்பதும் நடக்காது. ஓடித் திரியும் லாரியை முகவரியாகப் பதிய முடியாது. முகவரிப் பதிவு இல்லாமல் உங்கள் குடியிருப்பு அனுமதி சிக்கலாகும். வீடு வீடாகவே இருக்கட்டும், லாரி விடுமுறைக்கு.

மகளை எங்கே உட்கார வைப்பீர்கள்? பலரும் இதை வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். இந்த லாரிகளின் முன் கேபினில் பெரும்பாலும் இரண்டு இருக்கை, மிஞ்சினால் மூன்று. ஓடும்போது பின்பெட்டியில் ஆள் இருக்க வேண்டுமென்றால் சோதித்துச் சான்று பெற்ற இருக்கையும் பெல்ட்டும் வேண்டும். சோபாவில் பெல்ட்டைத் திருகிவைத்தால் செல்லாது. இரட்டைக் கேபின் உள்ள வண்டியாகத் தேடுங்கள்.

அடுத்தது எடை. வாங்கும் முன் எடைமேடையில் ஏற்றி முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாகப் பாருங்கள். பிறகு கூட்டுங்கள்: தண்ணீர் 200 லிட்டர் 200 கிலோ, டீசல் 200 லிட்டர் சுமார் 170 கிலோ, ஆட்கள், ஸ்டெப்னி, சாமான். ஊர்ப்பழக்கத்தில் தேக்கு, அயனி என்று பலகை போடாதீர்கள். 15 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட் சதுர மீட்டருக்குப் பத்து கிலோ. அதே கனத்தில் பாப்லர் ஆறரைதான். முப்பது சதுர மீட்டர் போட்டால் நூறு கிலோ வித்தியாசம்.

லாரியின் அடிச்சட்டம், அதாவது சேஸிஸ்தான் இந்த வேலையின் உயிர். மேடுபள்ளத்தில் நான்கு சக்கரமும் தரையை விடாதிருக்க, சேஸிஸ் வேண்டுமென்றே முறுக்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டிருக்கிறது. பெட்டி முறுக்காது. இரண்டையும் நேராக போல்ட் போட்டு இறுக்கினால் முதலில் ஜன்னல் மூலைகளில் வெடிக்கும், பிறகு போல்ட் துளையருகே சேஸிஸே கீறும். அதனால் இடையில் ஒரு துணைச்சட்டம்: மூன்று புள்ளித் தாங்கல், அல்லது முன்னே நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, பின்னே நடுவில் ஒன்று என்று வைர வடிவில் நான்கு. சேஸிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. வாங்கும்போது உள்ளே விளக்கடித்துத் துரு பாருங்கள். பனிக்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பு, முட்டம் கடற்கரையில் ஜன்னல் கம்பியைத் தின்பதுபோலத் தின்றிருக்கும். டயரில் பள்ளம் ஆழமாக இருப்பதை நம்பாதீர்கள். பக்கவாட்டு நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் சொல்லும். நின்றே கிழடான டயர் நிறைய.

முதல் வெட்டு வெட்டும் முன் வாகனச் சோதனைப் பொறியாளரிடம் படத்தைக் காட்டிப் பேசுங்கள். பயண வீடாகப் பதிய மேசையோடு இருக்கை, படுக்கை, அடுப்பு, அலமாரி வேண்டும். முப்பது வயது கடந்த வண்டிக்குப் பழமை வண்டிகளுக்கான ஹெச் எண்பலகை கிடைத்தால் ஆண்டு வரி 191.73 யூரோதான், புகை கக்கும் வண்டிகளை நகருக்குள் விடாத சுற்றுச்சூழல் மண்டலத் தடையும் இல்லை. ஆனால் உங்கள் மாற்றங்கள் பழமையைக் கெடுத்தால் அது போச்சு.

மின்சாரம்: லாரி 24 வோல்ட். வீட்டுப் பகுதியையும் 24-லேயே வையுங்கள். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 12 வோல்ட்டில் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 24-ல் பாதிதான். மெல்லிய ஒயர் போதும், சூடும் குறையும். தேங்காய் அரைக்கிற 750 வாட் மிக்ஸி கிளம்பும் நொடியில் தன் 750 வாட்டைவிடக் கூடுதலாக இழுக்கும் என்பதால், இன்வெர்ட்டர் வீட்டு மின்சாரம் போன்ற சுத்த சைன் அலையில், மிக்ஸிக்கு மட்டும் என்றாலே 1500 வாட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும்; அந்த அடுப்பும் ஓட வேண்டுமென்றால் 2000-க்கு மேல். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுப்போகும், பெட்டிக்குள் வையுங்கள். ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே.

கடைசியாக ஈரம். மரச்சீனி வேகவைத்தால் எழும் ஆவி முழுவதும் அலுமினியச் சட்டத்தில் போய்த் தண்ணீராகும். கண்ணாடிப் பஞ்சு அதைக் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். ஈரம் குடிக்காத 19 மில்லிமீட்டர் மூடிய துளை ரப்பர் நுரையை இடைவெளியின்றி ஒட்டி, அடுப்புக்கு நேர் மேலே கூரையில் திறப்பு வையுங்கள். டீசல் ஹீட்டர் எரிவதற்குக் காற்று எடுப்பதும் புகை விடுவதும் வெளியேதான். கார்பன் மோனாக்சைடு அலாரம் மகள் படுக்கையருகே.