நான்கு கணினிகளில் டேலி: முதலில் நெட்வொர்க் ஸ்விட்சுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

‘எங்கள் அலுவலகத்தில் நான்கு கணினிகள் இருக்கின்றன. டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரே கணக்கை நால்வரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தத் தனியாக சர்வர் வாங்க வேண்டுமா? எங்களுக்குக் கணினி விற்றவர் ஒரு மணி நேர வேலைதான் என்கிறாரே’ என்று கேட்டிருக்கிறீர்கள். நான்கைந்து பேருக்கு சர்வர் தேவையில்லை. இருக்கும் கணினிகளில் நல்லதாக ஒன்றைத் தரவுக் கணினியாக, அதாவது கணக்குக் கோப்புகள் இருக்கும் கணினியாக, வைத்துக்கொண்டால் போதும். ஒரு வரியில் இதைச் சொல்லிவிட்டு நான் போயிருக்கலாம். அந்த ‘ஒரு மணி நேர வேலை’ என்ற சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. எங்களுக்கும் ஒருவர் அதையே சொல்லி, ஒரு மணி நேரத்திலேயே முடித்தும் கொடுத்தார். அதற்காக நாங்கள் ஒரு தீபாவளிப் பருவம் முழுவதும் அல்லல்பட்டோம். ஒரு நேர்மையான பையன் வேலையை விட்டுப் போனான்.

நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பதினேழு ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் தொழில் பெரும்பாலும் காலண்டர். ஆடிப்பெருக்கன்று புது ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்கினால், தீபாவளிக்குப் பிறகு புத்தாண்டு வரைக்கும் பில் போடுவதும் லாரி ஆபீசுக்குப் பார்சல் அனுப்புவதுமாக மூச்சுவிட நேரம் இருக்காது. 2021 வரை ஒரே கணினியில், டேலியின் சில்வர் உரிமத்தில், நான் ஒருத்தியே எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தேன். அந்த ஆண்டு முதலாளி அண்ணாச்சி, பில்லிங், டெஸ்பாட்ச், கொள்முதல் மூன்றையும் பிரித்துவிடலாம் என்று முடிவு செய்து கோல்டு உரிமம் வாங்கினார். அப்போது சில்வர் 18,000 ரூபாய், கோல்டு 54,000 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 63,720 ரூபாய் ஆனது. உங்களுக்கும் கோல்டுதான் வேண்டும். சில்வர் ஒரு கணினிக்கு உரியது; அதை வைத்துக்கொண்டு நான்கு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியாது. கோல்டில் ஒரே அலுவலக நெட்வொர்க்கிற்குள் எத்தனை பேர் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

நெட்வொர்க் அமைக்க வந்தவர் என் மேசைக் கணினியைத் தரவுக் கணினியாக வைத்தார். மற்ற மூன்றிற்கும் கேபிள் இழுத்து, டெஸ்பாட்ச் அறைப் பரணில், எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் எட்டு போர்ட் ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தினார். தரவு இருக்கும் ஃபோல்டரை ‘எல்லோருக்கும் முழு அனுமதி’ என்று பகிர்ந்து, நான்கு கணினிகளிலும் டேலியில் எங்கள் நிறுவனக் கணக்கைத் திறந்து காட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான்கு கணினிகளுக்கும் தனித்தனியாக யுபிஎஸ் இருந்ததால் மின்வெட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது. அக்டோபர் முதல் வாரத்தில் ஒருநாள் மாலை நிறுவனக் கணக்கைத் திறக்க முடியவில்லை. பழுதுநீக்கம், அதாவது நாங்கள் பழைய வழக்கப்படி ‘ரீரைட்’ என்று சொல்வது, செய்த பிறகு திறந்தது. ஆனால் அன்று அச்சிட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்ட இரண்டு பில்கள் கணினியில் இல்லை. அவற்றிற்குப் பின் போட்ட பில்களின் எண்கள் காகிதத்தில் ஒன்றாகவும் திரையில் வேறாகவும் இருந்தன. அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த வாரம் இரண்டு முறை. காணாமற்போனவை அநேகமாக எல்லாமே பில்லிங் மேசையில் இருந்த பையன் போட்டவை. நான் தரவுக் கணினியிலேயே பதிந்த வரவு செலவுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை.

கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு இது எங்கே போய் முடியும் என்று தெரியும். பில்லை அச்சிட்டு, ரொக்கத்தை வாங்கிக்கொண்டு, பிறகு கணினியிலிருந்து பில்லை அழித்துவிட்டால் திரை பார்ப்பதற்கு அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். நெட்வொர்க் அமைத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். ‘நெட்வொர்க்கில் கோளாறு இருந்தால் ஃபோல்டரே திறக்காது, யாரோ கை வைக்கிறார்கள்’ என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். நேரில் வந்து பரணை அண்ணாந்து பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அண்ணாச்சி என்னிடம், ‘ஏம்மா, அந்தப் பையன் மேல உனக்குச் சந்தேகமே வரலையா?’ என்று கேட்டார். ‘இல்லை அண்ணாச்சி’ என்று சொன்னேனே தவிர, அதற்குச் சான்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நால்வரும் ஒரே பயனர் பெயரிலும் கடவுச்சொல்லிலும் நுழைந்துகொண்டிருந்தோம். எந்தப் பதிவை யார் எப்போது திருத்தினார்கள் என்பதற்கு எந்தத் தடமும் கிடையாது. பையன் ஒன்றும் பேசவில்லை; தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு போனவன் மறுவாரம் வரவில்லை.

அவன் போன பிறகும் பில்கள் காணாமற்போயின. அவன் இடத்தில் உட்கார்ந்தது முதலாளியின் அக்காள் மகன். அதன்பிறகுதான் மேலே இருப்பவர்களுக்கும் இது வேறு ஏதோ கோளாறு என்று தோன்றியது. நான் ஒரு நோட்டில், எந்த நாள் எத்தனை மணிக்குச் சிக்கல் வந்தது என்று எழுதத் தொடங்கினேன். அந்த நோட்டை மட்டும் வைத்துக் காரணம் தெரியவில்லை. மாதக் கடைசியில் டீசல் செலவைப் பதிவதற்காக வாட்ச்மேனின் ஜெனரேட்டர் நோட்டை வாங்கி வைத்திருந்தேன். எத்தனை மணிக்கு ஜெனரேட்டர் போட்டார், எப்போது நிறுத்தினார் என்று அவர் ஒவ்வொரு முறையும் எழுதி வைப்பார். இரண்டு நோட்டையும் அருகருகே வைத்தபோது, என் நோட்டில் இருந்த ஒவ்வொரு நேரத்திற்கும் பக்கத்தில் அவருடைய நோட்டில் ஒரு நேரம் இருந்தது.

பரணில் ஏறிப் பார்த்தோம். ஸ்விட்சின் அடாப்டர், மின்விசிறிக்காகப் போட்டிருந்த சாதாரணப் பிளக்கில் செருகப்பட்டிருந்தது. மின்சாரம் போனதும் கணினிகள் நான்கும் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்க, அவற்றை இணைக்கும் ஸ்விட்ச் மட்டும் அணைந்துவிடும். வாட்ச்மேன் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போடும்வரை அரை நிமிடத்திற்குக் குறையாது. கணினித் திரை அணையாததால் யாரும் கையை நிறுத்தமாட்டார்கள். அந்த அரை நிமிடத்தில் பில்லிங் மேசையில் இருப்பவர் பில்லைச் சேமித்தால், அது தரவுக் கோப்பில் பாதி எழுதப்பட்ட நிலையில் அறுந்துபோகும். தரவுக் கணினியில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும் அதுவே காரணம். என் பதிவுகள் கேபிள் வழியே போகவில்லை.

நீங்கள் புரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை இதுதான். இப்படிப் பகிர்ந்த ஃபோல்டரில் டேலியை வைத்துக்கொள்ளும்போது, ஒவ்வொரு கணினியிலும் இருக்கும் மென்பொருள், தரவுக் கணினியின் கோப்புகளில் நேரடியாகப் போய் எழுதுகிறது. இடையில் நின்று வாங்கிப் பாதுகாப்பாக எழுதிவைப்பவர் யாரும் கிடையாது. ஆகையால் கேபிளும் ஸ்விட்சும் கணக்குப் புத்தகத்தின் பாகங்கள்தாம். இது மென்பொருளின் குறை என்று நான் சொல்லவில்லை; நாங்கள் அமைத்த விதத்தின் குறை. இடையில் நின்று தரவைக் கையாள டேலி பிரைம் சர்வர் என்று தனியாக ஒன்று விற்கிறார்கள். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் இடமாக இருந்தால் அதையும் முறையான சர்வர் கணினியையும் பற்றி யோசிக்கலாம். நெட்வொர்க் தொழில் செய்பவர்கள் இதைப் படித்தால், சாதாரண விண்டோஸ் கணினியைத் தரவுக்கு வைக்கச் சொல்வதே தவறு என்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அந்தத் தொழிலைப் படித்தவள் அல்ல. எங்கள் அளவுள்ள அலுவலகத்தில், ஸ்விட்சைச் சரி செய்த நாள் முதல் இன்றுவரை ஒரு பில்லும் தொலையவில்லை என்பதை மட்டும் பொறுப்புடன் சொல்கிறேன்.

இப்போது உங்கள் அலுவலகத்திற்கு வருகிறேன். நான்கில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் உள்ள கணினியைத் தரவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், அதில் விண்டோஸ் 11 இருப்பது நல்லது. அதற்கு 192.168.1.10 என்பது போல மாறாத முகவரி ஒன்றைக் கொடுங்கள். ரவுட்டர் தானாக வழங்கும் எண்களின் வரம்பிற்கு வெளியே அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் காலையில் முகவரி மாறிவிட்டு, மற்ற கணினிகள் உரிமத்தையும் தேடும், தரவையும் தேடும். தரவுக் கணினி தானாக உறங்கும் அமைப்பை நிறுத்துங்கள். நெட்வொர்க் அட்டையின் மின்சேமிப்பையும் நிறுத்துங்கள். இந்த இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கேபிள் கேட் 6 ஆக இருக்கட்டும். ஒரு துண்டு 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. இயந்திரங்களுக்குப் போகும் மும்முனை மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் தனியாக இழுக்கச் சொல்லுங்கள். வைஃபையில் யாரும் பில் போட வேண்டாம். அறுந்து அறுந்து சேரும் இணைப்பு என்றால் என்ன நடக்கும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

ஃபோல்டரை ‘எல்லோருக்கும்’ என்று பகிராதீர்கள். தரவுக் கணினியில் கடவுச்சொல்லுடன் ஒரு விண்டோஸ் பயனரை உருவாக்கி, அந்தப் பயனருக்கு மட்டும் மாற்றும் அனுமதி கொடுத்து, மற்ற மூன்று கணினிகளிலும் அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் சேமித்து வையுங்கள். விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பிலிருந்து கடவுச்சொல் இல்லாத விருந்தினர் இணைப்பைப் புரோ பதிப்பிலும் தடுத்துவிட்டார்கள். பழைய முறையில் பகிர்ந்தவர்கள் பலர், விண்டோஸ் புதுப்பித்த மறுநாள் ஃபோல்டர் திறக்கவில்லை என்று தவித்தது இதனால்தான். அதைச் சரிசெய்ய ஃபோல்டர் பகிர்வதற்கான எஸ்எம்பி 1 என்ற பழைய நெறிமுறையை மறுபடி இயக்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள்; கேட்காதீர்கள். 2017 மே மாதம் உலகமெங்கும் கணினிகளை முடக்கிய வானாக்ரை என்ற தீநிரல் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

உரிமத்தைத் தரவுக் கணினியில் செயல்படுத்திவிட்டு, மற்றவற்றில் அதன் பெயரையும் 9999 என்ற போர்ட் எண்ணையும் கொடுக்க வேண்டும். உரிமம் கிடைக்காமல், பழகிப் பார்ப்பதற்கான கல்விப் பயன்முறையில் டேலி திறந்தால், பெரும்பாலும் தரவுக் கணினியின் ஃபயர்வால் அந்தப் போர்ட்டைத் தடுத்திருக்கும். நான்கிலும் மென்பொருளின் வெளியீடு ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் புதிய வெளியீட்டிற்கு மாறித் தரவையும் மாற்றிவிட்டால், மற்ற மூவரும் வெளியே நிற்பார்கள். பில் எண்ணுக்கு ‘மல்டி யூசர் ஆட்டோ’ என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பில் திறந்தாலும், சேமிக்கும் வரிசையில் எண் விழும்.

அடுத்ததை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன்: நான்கு பேருக்கும் நான்கு பயனர் பெயர் கொடுங்கள், யார் எதை எப்போது திருத்தினார்கள் என்று பதிந்துவைக்கும் எடிட் லாக்கை இயக்கி வையுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்கு இந்தத் திருத்தத் தடம் சட்டப்படி கட்டாயம். உங்களுடையது எங்களுடையதைப் போலப் பார்ட்னர்ஷிப், அதாவது கூட்டாண்மை நிறுவனம் என்றால் அந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் செய்யுங்கள். வேலைக்காரர்களைச் சந்தேகப்படுவதற்கான கருவி என்று சிலர் இதை எதிர்க்கிறார்கள். அந்தப் பையன் வெளியே போனதைப் பார்த்த என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. அவன் எதையும் அழிக்கவில்லை என்று ஒரு வரி அன்று திரையில் இருந்திருந்தால், அவன் இன்றும் எங்கள் பில்லிங் மேசையில் இருந்திருப்பான். காரணம் தெரிந்த அன்று மாலையே திருத்தங்கலில் அவன் வீட்டிற்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அண்ணாச்சியும் மறுநாள் ஆள் அனுப்பினார். அவன் வேறு அச்சகத்தில் சேர்ந்திருந்தான். திரும்பி வர விரும்பவில்லை.

பேக்கப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் அப்போது தரவு இருந்த அதே டிஸ்க்கிலேயே பேக்கப்பையும் எடுத்து, தினமும் அதன் மேலேயே மீண்டும் எடுத்துக்கொண்டிருந்தோம். பழுதான தரவுதான் பேக்கப்பிலும் இருந்தது. இப்போது நாளுக்கு ஒரு ஃபோல்டர். வாரம் ஒருமுறை ஒரு வெளி டிஸ்க் அண்ணாச்சி வீட்டிற்குப் போகிறது. மாதம் ஒருமுறை அதைத் தனி இடத்தில் மீட்டெடுத்துத் திறந்து பார்க்கிறேன். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: இணையச் சேமிப்போடு தானாக ஒத்திசையும் ஃபோல்டருக்குள் நேரடியாகத் தரவை வைக்காதீர்கள். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பையே அதுவும் இழுத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் ஸ்விட்ச் இன்று தரவுக் கணினியின் யுபிஎஸ்ஸிலேயே ஓடுகிறது. அது எடுப்பது சில வாட் மின்சாரம்தான். இடம் தள்ளி இருந்தால், ரவுட்டருக்கென விற்கும் சிறிய யுபிஎஸ் வாங்கலாம். ஆனால் அதன் வோல்ட்டும் உங்கள் ஸ்விட்ச் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள். உங்களுக்கு அமைத்துக் கொடுப்பவர் வேலை முடிந்தது என்று சொல்லும்போது, பணம் கொடுக்கும் முன்பு, நான்கு கணினிகளிலும் டேலியில் பயிற்சிக்கென உருவாக்கிய ஒரு நிறுவனக் கணக்கைத் திறந்து வைத்து, அவர் முன்னிலையிலேயே மெயின் சுவிட்சை அணையுங்கள். அணைத்துவிட்டு, திரைகளைப் பார்க்காமல், ஸ்விட்சில் பச்சை விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள்.