உளவியல் கற்பிப்பவர் இனச் சமத்துவத்துக்காக என்ன செய்ய முடியும்? கிளார்க் தம்பதியர் காட்டிய வழி

உளவியல் பாடம் நடத்தும் ஒருவர் இனச் சமத்துவம், சமூகத் தலைமை என்று இறங்கினால் அந்தத் தொழில் வாழ்க்கை நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியூயார்க்கில் கறுப்பினத்தவர் அதிகம் வாழ்ந்த ஹார்லெமில் பணியாற்றிய கறுப்பின உளவியலாளர்கள் கென்னத் கிளார்க், மேமி ஃபிப்ஸ் கிளார்க் தம்பதியரை வைத்துப் பதில் சொல்கிறேன். கறுப்பினக் குழந்தைகளிடம் எடுத்த பொம்மைச் சோதனை, பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்ற 1954 தீர்ப்பு என்ற இரண்டோடு பலரும் இவர்கள் கதையை முடித்துவிடுகிறார்கள். என் பார்வையில் இவர்களுடைய பெரிய வேலை ஹார்லெமில் ஒரு குடியிருப்பின் அடித்தளத்தில் நடந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பெயர் கென்னத்துக்குப் போனாலும் ஆய்வைத் தொடங்கியவர் மேமி. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கப் போய் உளவியலுக்கு மாறியவர். 1938இல் பட்டம் முடித்த கோடையில், கறுப்பின வழக்கறிஞர் வில்லியம் ஹூஸ்டனின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். நிறம் பார்த்துப் பிரிப்பதை எதிர்க்கும் வழக்குகள் எப்படித் தயாராகின்றன என்பதை அங்கே பார்த்தார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய முதுகலை ஆய்வேடு, கறுப்பினச் சிறு குழந்தைகளுக்குத் 'தான் யார்' என்ற உணர்வு எப்போது, எப்படி வருகிறது என்பதைப் பற்றியது. பொம்மைகள் வந்தது அதற்குப் பிறகு.

அந்தச் சோதனை எப்படி நடந்தது? நான்கு பொம்மைகள். இரண்டு பழுப்பு நிறம், கறுப்பு முடி. இரண்டு வெள்ளை நிறம், மஞ்சள் முடி. உடலில் டயப்பர் மட்டும். நிறத்தையும் முடியையும் தவிர வேறெந்த வித்தியாசமும் இருக்கக் கூடாது என்பதற்காக அப்படி. பாதிக் குழந்தைகளுக்கு வெள்ளைப் பொம்மையிலிருந்து தொடங்கி மாற்றி மாற்றி அடுக்கினார்கள், மீதிப் பேருக்குப் பழுப்பிலிருந்து. 3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகள்: பிரித்துவைத்த பள்ளிகள் இருந்த ஆர்கன்சாவில் 134 பேர், கலந்து படித்த மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் 119 பேர்.

கேள்விகள் எட்டு. எது பிடிக்கும், எது நல்ல பொம்மை, எது பார்க்க மோசமாக இருக்கிறது, எந்த நிறம் அழகு ஆகிய நான்கும் முதலில். எது வெள்ளைக் குழந்தை போல் இருக்கிறது, எது 'கலர்டு' குழந்தை போல், எது 'நீக்ரோ' குழந்தை போல் (கறுப்பினத்தவரை அன்று அழைத்த இரண்டு சொற்கள்) என்பவை அடுத்து. 'உன்னைப் போல் இருப்பது எது' என்பது கடைசியில். இந்த வரிசையில்தான் சோதனையின் உயிர் இருக்கிறது. 'உன்னைப் போல்' என்று முதலிலேயே கேட்டுவிட்டால், குழந்தை அந்தப் பதிலைக் காப்பாற்றுவதற்காகவே பிடித்த பொம்மையை மாற்றிச் சொல்லும். இன்று வீடியோவுக்காக இதைத் திரும்பச் செய்பவர்கள் பலர் வரிசையைக் கலைத்துவிட்டு, குழந்தையின் பதிலுக்கு முகத்தையும் சுளிக்கிறார்கள். அதில் வரும் முடிவுக்கு மதிப்பில்லை. அதோடு, கடைசிக் கேள்வியில் சில குழந்தைகள் அழுதன. அறையை விட்டு ஓடியவையும் உண்டு. பெற்றோர் சம்மதமும் பிறகு குழந்தையைத் தேற்ற ஆளும் இல்லாமல் இன்று யாரும் இதைத் தொடக் கூடாது.

விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டவர்கள் 67 சதவீதம். பழுப்புப் பொம்மையை மோசம் என்றவர்கள் 59 சதவீதம்.

வண்ணம் தீட்டும் சோதனையும் ஒன்று உண்டு. எனக்கு அதுதான் இன்னும் நுட்பமானதாகத் தோன்றுகிறது. ஒரு தாளில் இலை, ஆப்பிள், ஆரஞ்சு, எலி, ஒரு பையன், ஒரு பெண். குழந்தை முதலில் இலைக்கும் பழத்துக்கும் நிறம் கொடுக்க வேண்டும். அவற்றுக்குச் சரியான நிறம் கொடுத்தால், பொருளுக்கும் நிறத்துக்கும் உள்ள தொடர்பு அந்தக் குழந்தைக்குப் புரிந்திருக்கிறது என்று பொருள். பிறகுதான் 'இது நீ, உன் நிறத்தைத் தீட்டு' என்பார்கள். இலையைப் பச்சையாகத் தீட்டிய குழந்தை தன்னை மட்டும் வெளிறத் தீட்டினால், நிறம் தெரியாததால் என்று தள்ளிவிட முடியாது.

1951இல் கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் வழக்கறிஞர் ராபர்ட் கார்ட்டர் பள்ளிப் பிரிவினையை எதிர்த்த வழக்குக்காக அழைத்ததன் பேரில், கென்னத் தென் கரோலினாவின் கிளாரெண்டன் மாவட்டத்துக்குப் பொம்மைகளோடு போனார். அங்கே 16 குழந்தைகள். 10 பேர் வெள்ளைப் பொம்மையை விரும்பினார்கள். 11 பேர் பழுப்புப் பொம்மையை மோசம் என்றார்கள். அந்த வழக்கையும் சேர்த்து உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தந்த பிரவுன் வழக்குத் தீர்ப்பின் 11ஆம் அடிக்குறிப்பில், கென்னத் 1950இல் எழுதிய அறிக்கை முதல் சான்றாக நிற்கிறது.

சான்றில் ஒரு பலவீனம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பழுப்புப் பொம்மையை மோசம் என்றவர்கள் பிரித்துவைத்த தெற்கில் 49 சதவீதம், கலந்து படித்த வடக்கில் 71 சதவீதம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஜான் டேவிஸ் இந்த வித்தியாசத்தைத்தான் பிடித்துக்கொண்டார். பள்ளியைப் பிரித்ததுதான் காரணம் என்று இந்த எண்களை மட்டும் வைத்து நிறுவ முடியாது. ஒரு குழந்தை சமூகம் முழுவதிலிருந்தும் உள்வாங்குவதையே இவை காட்டுகின்றன. 16 பேர் என்பதும் மிகச் சிறிய எண்ணிக்கை. அதனால்தான் சோதனையை மட்டும் நம்பாமல், 32 சமூக அறிவியலாளர்கள் கையெழுத்திட்ட அறிக்கை ஒன்றையும் உச்ச நீதிமன்றத்தில் இணைத்தார்கள். நீதிமன்றத்துக்கு ஆய்வைக் கொண்டுபோகிறவர், அந்த ஆய்வு எது வரைக்கும் பேசும் என்பதை எதிராளிக்கு முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இனி அந்த அடித்தளம். மேமி 1943இல் கொலம்பியாவில் முனைவர் பட்டம் பெற்றும் தகுதிக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. வீடற்ற கறுப்பினச் சிறுமிகள் தங்கிய ஓர் இல்லத்தில் சோதனை எடுக்கும் வேலை பார்த்தபோது, ஹார்லெமின் குழந்தைகளுக்கு உளவியல் உதவி எவ்வளவு குறைவு என்பது தெரிந்தது. ஏற்கெனவே இருந்த சேவை நிறுவனங்களிடம் தம்பதியர் கேட்டுப் பார்த்தார்கள், யாரும் முன்வரவில்லை. 1946இல், மேமியின் அப்பா கொடுத்த 946 டாலரோடு, டன்பார் குடியிருப்பின் அடித்தளத்தில் நார்த்சைட் மையத்தைத் திறந்தார்கள்.

திறந்தவுடன் கூட்டம் வந்துவிடவில்லை. மனநல மருத்துவம் என்றால் பைத்தியம் என்ற பயம் அங்கேயும் இருந்தது. பெற்றோரைக் கொண்டுவந்தது வேறொரு பிரச்சினை. நகரப் பள்ளிகள் கறுப்பினக் குழந்தைகளை மனவளர்ச்சி குன்றியோர் வகுப்புகளுக்குத் தள்ளிக்கொண்டிருந்தன. 'என் பிள்ளை அப்படி இல்லை' என்று வந்த பெற்றோருக்காக மையம் அறிவுத்திறன் சோதனையை முறையாக மறுபடி எடுத்தது. பெரும்பாலான குழந்தைகள் அந்த வகுப்புக்குரிய வரம்பைவிட மேலே இருந்தார்கள். அந்த முடிவைப் பெற்றோர் கையில் கொடுத்து, பள்ளியோடு பேசவும் துணை நின்றார்கள். பொம்மைச் சோதனை ஒரு தீங்கைக் காட்டியது. இது ஒரு குறிப்பிட்ட குழந்தையை ஒரு குறிப்பிட்ட வகுப்பிலிருந்து வெளியே கொண்டுவந்தது. பின்னர் வாசிப்புப் பயிற்சி, சமூகப் பணியாளர், மருத்துவர் என்று மையம் வளர்ந்தது. வீட்டு வாடகையும் பள்ளியும் சரியாகாமல் பேச்சுச் சிகிச்சை மட்டும் போதாது என்று கிளார்க் தம்பதியர் சொன்னதால், உளப்பகுப்பாய்வை (ஆழ்மனதைப் பேச்சின் வழியே ஆராயும் சிகிச்சை) நம்பிய நிர்வாகக் குழுவினருடன் கடுமையான உரசல் வந்தது. மேமி விட்டுக்கொடுக்கவில்லை. 1979 வரை அவர்தான் மையத்தை நடத்தினார்.

கென்னத்தின் பொது வாழ்க்கை இன்னும் மேடு பள்ளமானது. 1942 முதல் நியூயார்க் சிட்டி கல்லூரியில் ஆசிரியப் பணி, 1966 முதல் 20 ஆண்டுகள் மாநிலக் கல்வி ஆளுநர் குழு, 1971இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைமை (முதல் கறுப்பினத் தலைவர்). தோல்விகளும் உண்டு. 1962இல் ஹார்லெம் இளைஞர்களுக்காகத் தொடங்கிய ஹார்யூ திட்டத்துக்குப் பெரிய அரசுப் பணம் வரப்போகிறது என்றதும் கட்டுப்பாடு யாருக்கு என்ற சண்டை வந்தது. மற்ற பக்கம் நின்றவர் காங்கிரஸ் உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல். 1964இல் கென்னத் விலகினார். திட்டம் எழுதியவரிடம் வாக்கு வங்கி இல்லாவிட்டால், பணம் வரும் நாளில் அவர் வெளியே நிற்பார். 1970இல் வாஷிங்டன் பள்ளிகளுக்கு அவர் குழு தந்த திட்டமும் கிட்டத்தட்ட அப்படியே ஆனது. வாசிப்புக்கும் கணக்குக்கும் முதலிடம், ஆசிரியர் ஊதியத்தை மாணவர் முன்னேற்றத்தோடு இணைப்பது என்பது திட்டம். கல்விக் குழு ஏற்றுக்கொண்டது; ஆசிரியர் சங்கமும் பள்ளிக் கண்காணிப்பாளரும் எதிர்த்தார்கள்; திட்டம் நின்றுபோனது. நடத்த வேண்டியவர்களை எழுதும்போதே உட்காரவைக்காததுதான் பிழை என்பது என் கருத்து.

நீங்கள் எங்கே தொடங்குவது என்றால், மேடையையும் குழுப் பதவியையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். அறிவுத்திறன், வாசிப்புச் சோதனைகளை மேற்பார்வையில் எடுத்துப் பழகி, அதற்கான சான்றிதழ் பெறுங்கள். முடிவைப் பெற்றோருக்குப் புரியும் மொழியில் இரண்டு பக்கத்துக்குள் எழுதப் பழகுங்கள். உங்கள் ஊரில் எந்தக் குழந்தைகள் எந்தச் சிறப்பு வகுப்புக்கு அனுப்பப்படுகிறார்கள், யார் கையெழுத்தில், எந்தச் சோதனையின் பேரில் என்று விசாரியுங்கள். மறுபரிசீலனை கேட்கப் பெற்றோருக்குள்ள கால வரம்பை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அது தாண்டிவிட்டால் எவ்வளவு நல்ல அறிக்கை எழுதினாலும் அந்தக் குழந்தைக்கு ஓர் ஆண்டு போய்விடும்.