ராத்திரி அச்சா பொருந்துச்சு, காலைல விரிஞ்சு நிக்குது!

கேள்வி: முதல் தடவையா சொந்தமா ஒரு கிட்டார் செய்றேன். ரோஸ்வுட் சைடு பலகைய சூடான பைப்புல வளைச்சு டிராயிங் மேல வச்சுப் பார்த்தேன், கோடு பிசகாம உக்காந்துச்சு. காலைல பார்த்தா இடுப்பு (நடுவுல உள்வாங்கி குறுகற இடம்) விரிஞ்சு, நுனி ஒரு விரக்கடை வெளிய நிக்குது. மோல்டுல, அதான் கிட்டார் வடிவ அச்சுல, கிளாம்ப் போட்டு இறுக்கிடலாமா? இல்ல முதல்லயே கூடுதலா வளைச்சிருக்கணுமா, எவ்வளவு?

பதில்: கிளாம்ப் மட்டும் போட்டு இறுக்கிடாதீங்க, தயவுசெஞ்சு. என் முதல் கிட்டார்ல நான் அதத்தான் செஞ்சேன், மோல்டுக்குள்ள இருக்கறவரை அழகா இருந்துச்சு, வெளிய எடுத்ததும் சைடு தன் இஷ்டத்துக்கு விரிஞ்சு, அளவெடுத்து வெட்டி வச்சிருந்த பின்பலகை இடுப்புப் பக்கம் பத்தாமப் போச்சு. அப்படியே இழுத்துப் பிடிச்சு ஒட்டினாலும் அந்த இழுவிசை எங்கயும் போகாது, ஒட்டின இடத்தை வருஷக்கணக்கா பிடுங்கிட்டே இருக்கும்.

ஏன் விரியுதுன்னா, மரத்துல நார்களைச் சேர்த்துப் பிடிச்சிருக்கிற லிக்னின்தான் சூட்டுல இளகுது, ஈரம் இருந்தா இன்னும் சீக்கிரம் இளகும், ஆனா நாருக்குள்ள இருக்கிற செல்லுலோஸ் உருகறதில்ல, அது பழையபடி நிமிரத்தான் பார்க்கும். லிக்னின் ஆறி இறுகறதுக்குள்ள நீங்க கைய எடுத்துட்டா நார் ஜெயிச்சிடும். உள்ள ஈரம் மிச்சம் இருந்தா அது காயக் காய ராத்திரி முழுக்க வடிவம் மாறிட்டே இருக்கும், உங்களுக்கு நடந்தது அநேகமா இதான்.

இன்னொன்னு, நுனி அவ்வளவு தள்ளி நிக்குதேன்னு பயந்துடாதீங்க. இடுப்புல ஒரே ஒரு டிகிரி விரிஞ்சாலே 300 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிற நுனியில 5 மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டும். அதனால நுனிய பிடிச்சு மல்லுக்கட்டாம இடுப்பை மட்டும் சரி பண்ணுங்க.

எப்படின்னா, பைப்பை நல்லா சூடாக்குங்க, சுமார் 150 டிகிரி செல்சியஸ், ஒரு சொட்டு தண்ணி தெளிச்சா சுர்ருன்னு துள்ளி ஓடணும். பலகைய இந்தத் தடவை நனைக்க வேணாம், இல்ல லேசா ஒரு துடைப்பு போதும். பைப்புல படாத பக்கத்துல ஒரு மெல்லிய எஃகுத் தகடு வச்சுக்கிட்டு இடுப்பை பைப்புல வச்சு லேசா அழுத்திட்டே இருங்க, கொஞ்ச நேரம் விறைப்பா எதிர்க்கும், அப்புறம் சட்டுனு கைக்குக் கீழ தளர்ந்து கொடுக்கும், அந்த நொடி உங்க விரலுக்கே தெரியும். அப்போ டிராயிங்க விட ஒரு நூல் இறுக்கமா கொண்டுபோய், பைப்பை விட்டு எடுத்து, ஆறுற வரைக்கும் கையிலயே பிடிச்சிருங்க. இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லாரும் அவசரத்துல விட்டுடறாங்க.

எவ்வளவு கூடுதல்னு கேட்டீங்க. மரத்துக்கு மரம், ஏன் ஒரே மரத்துல பலகைக்குப் பலகை மாறும், அதனால அதே பலகைல வெட்டின துண்டு ஒன்னை வளைச்சு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க, அது எவ்வளவு விரியுதோ அதான் உங்க கணக்கு. கூடிப்போனாலும் பரவாயில்ல, சூட்டுல திரும்ப லேசா திறந்துக்கலாம்.

கனத்தையும் ஒருக்கா அளந்து பாருங்க. 2.5 மில்லிமீட்டர் பலகை 2 மில்லிமீட்டர் பலகைய விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விறைப்பு, ஏன்னா விறைப்பு கனத்தோட மும்மடிக்கு ஏறும். அரை மில்லிமீட்டர் இழைச்சு எடுத்தாலே பாதிச் சண்டை முடிஞ்சுடும்.

அப்புறம் மோல்டுல வச்சு ரெண்டு மூணு நாள் காய விடுங்க. விரல் நுனியால தள்ளினாலே மோல்டு சுவரோட ஒட்டி உக்காந்தா ஒட்டற வேலைய ஆரம்பிக்கலாம், உள்ளங்கை போட்டு அழுத்த வேண்டியிருந்தா திரும்ப பைப்புக்கு.

கேள்வி: வளைக்கறதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்க தண்ணில ஊறப் போடணுமா?

பதில்: வேணாம். இவ்வளவு மெல்லிசான பலகைக்கு ரெண்டு பக்கமும் தெளிச்சு விட்டாலே போதும். ஊறின மரம் காயும்போது அகலவாட்டுல சுருங்கி ஓடு மாதிரி குழிஞ்சுக்கும், அலை அலையா ரேகை ஓடற மேப்பிள்னா மேல்பரப்பு மேடு பள்ளமாயிடும், அதை அப்புறம் தேய்ச்சு சரி பண்றதுக்குள்ள பலகையே மெலிஞ்சு போயிடும்.